ராத்தாவின் பேர்

"தம்பி, என்ட பேரக் காணல்லடா."

கடப்பைத் திறந்துகொண்டு வந்த ஸகியா சொன்ன முதல் வார்த்தை அதுதான். ஸலாம்கூடச் சொல்லவில்லை. சாய்ந்தமருதிலிருந்து கல்முனைக்குடிவரை ஆட்டோவில் வந்தவள், முக்காடு கழுத்தில் சரிந்து கிடக்க, போனை முன்னால் நீட்டிப் பிடித்தபடி முற்றத்தில் நின்றாள். முஸ்தாக் அப்போதுதான் முகம் கழுவிவிட்டு வந்து கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். ராத்தாவின் முகத்தைக் கண்டதும் அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. விளங்காதவன் போல எழுந்து நின்றான்.

"என்ன ராத்தா? ஆருட பேர்?"

"என்ட பேஜ் இல்ல. வெப்சைட்டத் தட்டினா வேற ஆருடையோ போத்தல் வருகுது. அதுல 'ஸகியா சம்பல்' எண்டுதான் போட்டிரிக்கு. ஆனா அது என்ட போத்தல் இல்லடா. மூடியும் வேற, நிறமும் வேற. லண்டன்ல இரிக்கிற ஒரு பிள்ள கோல் எடுத்து, 'என்ன லாத்தா, இங்கயே செய்யத் தொடங்கிட்டீங்களா?' எண்டு கேக்குது. நான் என்னத்தச் சொல்ற?"

முஸ்தாக்கின் மனைவி ஸம்றா குசினிக்குள் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "உள்ளுக்கு வாங்க மச்சி, இருங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டாள். ஸகியா இருக்கவில்லை. தம்பியின் கையில் போனைத் திணித்தாள். இந்த மாதிரி விஷயங்களில் அவன் கைபட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவளுடைய நம்பிக்கை. அவனை விடப் பத்து வயது மூத்த சகோதரி. உம்மா நோயில் விழுந்து கிடந்த காலத்தில் அவனைக் குளிக்க வார்த்து, தலை சீவி, பள்ளிக்கூடம் அனுப்பியவள். அந்தக் கையில் இருந்து வாங்கிய போனை அவன் அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தான். பார்க்க அதில் ஒன்றும் இருக்கவில்லை.

"ஆரோ ஹேக் பண்ணியிருப்பாங்க ராத்தா," என்றான்.

அந்த ஒரு பொய்யில் இருந்துதான் மற்றதெல்லாம் வந்தது.

ஸகியாவின் புருஷன் கட்டாருக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டவர். இரண்டு பெண் பிள்ளைகளோடு தனியே நின்றவள், வெளிநாட்டுக்குப் பயணம் போகிறவர்களுக்கு, மாசிக் கருவாடும் மிளகாயும் சேர்த்து மாசிச் சம்பல் இடித்துக் கொடுக்கத் தொடங்கினாள். செத்தல் மிளகாயை அவள் வறுக்கும் பக்குவம் வேறு ஒருவருக்கும் வராது. துபாய்க்குப் போன போத்தல் அங்கிருந்து லண்டனுக்குப் போயிற்று. லண்டனில் தின்றவர்கள் மெல்பேணில் இருந்த சொந்தக்காரருக்குச் சொன்னார்கள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டில் ஒன்று எழும்பியது. ஆமினா உம்மாவும் இன்னும் சில பெண்களும் வேலைக்கு வந்தார்கள்.

முஸ்தாக் அப்போது கல்முனை பஸாரில் ஒரு கொம்பியூட்டர் கடையில் வேலை செய்துகொண்டிருந்தான். வெப்சைட் கட்டியது அவன்தான். 'ஸகியா சம்பல் டொட் கொம்' என்ற இணைய முகவரியை, அந்த டொமைனை, வாங்கியதும் அவன்தான். வாங்குகிறவர் பேர் எழுதும் இடத்தில் தன் பேரை எழுதினான். ராத்தாவுக்கு அந்த நேரம் இமெயில்கூட இருக்கவில்லை. அதில் களவு எதுவும் இருக்கவில்லை. அதைப் பிறகு அவன் தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டான்.

களவு இரண்டாம் முறைதான் உள்ளே வந்தது. லண்டனில் யாரோ ஒருவன் ஸகியாவின் லேபலைப் பார்த்து அப்படியே அடித்துத் தன் போத்தலில் ஒட்டி விற்கத் தொடங்கியிருந்தான். லெஸ்டரில் கடை வைத்திருந்த ஸஹீத்தான் அதைக் கண்டு சொன்னான். ஸஹீத் மருதமுனையைச் சேர்ந்தவன். ஸகியாவிடம் பெட்டி பெட்டியாக வாங்கி அங்கே விற்கிறவன். "இங்க ட்ரேட் மார்க் பதியாட்டி, நாளைக்கு அவனே பதிஞ்சிட்டு உங்களத்தான் கள்ளன் எண்டு சொல்லுவான். பதிவுக்கு இங்கத்த விலாசம் ஒண்டு வேணும், என்ட கடை விலாசத்தப் போடு" என்றான். முஸ்தாக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து நிரப்பிக்கொண்டு போனான். உரிமையாளர் பேர் என்ற இடம் வந்தது. கை நின்றது. அந்த நேரம் ராத்தாவுக்கு இமெயில் இருந்தது. மகள் செய்து கொடுத்திருந்தாள். ஒரு கோல் எடுத்துக் கேட்டிருக்கலாம். எடுக்கவில்லை. தன் பேரைத் தட்டினான்.

ஏன் தட்டினான் என்பது அவனுக்குத் தெரியும். அதற்குக் கொஞ்ச நாளுக்கு முன்னர்தான் கொழும்பில் இருந்து கெமராவோடு சிலர் வந்து, சொந்தக் காலில் நிற்கும் பெண்களைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்றுக்காக ஸகியாவைப் படம் பிடித்துப் போனார்கள். வெப்சைட் எப்படி ஓடுகிறது, வெளிநாட்டு ஓடர் எப்படி வருகிறது என்றெல்லாம் முஸ்தாக் அவர்களுக்கு விளக்கமாகக் கதைத்திருந்தான். நிகழ்ச்சி வந்த அன்று முழுக் குடும்பமும் ஒன்றாக இருந்து பார்த்தது. ராத்தா வறுத்தாள், இடித்தாள், சிரித்தாள். முஸ்தாக் ஓர் இடத்தில் மட்டும் வந்தான். போத்தலைப் பிடித்துக்கொண்டிருந்த கை அவனுடையது. முகம் வரவில்லை. மாமி வீட்டார் எல்லோரும் கைதட்டினார்கள். அவனும் தட்டினான்.

போன வருடக் கடைசியில் ஸஹீத் விடுமுறைக்கு ஊர் வந்தான். ஒரு காலையில் மீன் வாங்க ஒலுவில் துறைமுகத்துக்குப் போவோம் என்று முஸ்தாக்கைக் காரில் ஏற்றிக்கொண்டான். படகுகளில் இருந்து மீன் இறங்கும் இடத்தில், வெயிலுக்கு நெற்றியில் கையைப் பிடித்துக்கொண்டு ஸஹீத் சொன்னான்: "சம்பல் இடிக்க ஆயிரம் பேர் இரிக்காங்க முஸ்தாக். அந்தப் பேரக் கடலுக்கு அங்கால கொண்டு போனவன் ஒரு ஆள்தான். அத ஊர்ல ஒருத்தரும் சொல்றல்ல. நீ என்ட கம்பனில பங்காளியா வா. பேரையும் டொமைனையும் கம்பனிக்கு மாத்திவிடு. ராத்தாட சம்பல்தான் எப்பவும் நமக்கு உசிர், அதுல ஒண்டும் மாறாது."

இத்தனை காலமும் யாராவது சொல்ல மாட்டார்களா என்று அவன் காத்திருந்த வார்த்தைகள் அவை. மீன் நாற்றத்துக்கு நடுவில் நின்று கேட்டபோதும் இனித்தன. ஸஹீத் திரும்பிப் போன பிறகு பத்திரம் போனுக்கு வந்தது. இதே கதிரையில் இருந்து விரலால் கையெழுத்துப் போட்டான். டொமைனை மாற்றுவதற்கான இரகசிய எண்ணையும் அனுப்பினான். பதிலுக்கு அவன் பேர் போட்ட விசிட்டிங் கார்ட் ஒன்றின் படம் வந்தது. கீழே 'பணிப்பாளர்' என்று இருந்தது. அதை அவன் ஸம்றாவுக்குக்கூடக் காட்டவில்லை. அதற்குப் பிறகு அவன் கோல் எடுத்தால் ஸஹீத் பேசுவது குறைந்தது. பிறகு பதில் சொல்வதையே விட்டான். ராத்தாவுக்கு வரும் ஓடரும் குறைந்தது. நோன்பு காலம், அதுதான் குறைவு என்று முஸ்தாக் அவளைச் சமாளித்திருந்தான்.

இப்போது அவள் முற்றத்தில் நின்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ஹேக் பண்றதெண்டா பாஸ்வேர்ட் தெரிஞ்சிரிக்கணுமே."

"சில நேரம் அப்படியும் இரிக்கும்..."

"உனக்குத் தெரியும். என்ட மகளுக்குத் தெரியும். அந்தப் படம் புடிக்கிற துசாந்துக்குத் தெரியும்." அவள் முகம் மாறியது. "போன மாசம்தானே என்னோட கோவிச்சிட்டுப் போனான். வேற ஆருக்கோ படம் புடிக்கப் போறன் எண்டு சொன்னானே. அவன்தான்டா!"

காரைதீவுத் துசாந் கலியாண வீடுகளுக்குப் படம் பிடிக்கிறவன். ஸகியாவின் போத்தல்களை அவன் பிடித்த படங்களில் பார்த்தால் வாயில் எச்சில் ஊறும். படங்களைப் பேஜில் போடுவதற்காகப் பாஸ்வேர்டையும் அவனிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். ஒரு படத்தைத் திரும்பத் திரும்ப எடுக்கச் சொன்னதில் மனத்தாங்கல் வந்து விலகியிருந்தான். அவ்வளவுதான்.

"அவனா இரிக்காது ராத்தா."

"அப்ப ஆரு? சொல்லு."

முஸ்தாக் போனைத் திருப்பி அவளிடம் நீட்டினான். "தெரியா," என்றான்.

"வண்டிய எடு. போவம்."

மோட்டார் சைக்கிளின் பின்னால் ராத்தா ஒரு பக்கமாக இருந்துகொண்டாள். சாய்ந்தமருதையும் மாளிகைக்காட்டையும் கடந்து காரைதீவு போய்ச் சேரும்வரை வழி நெடுகச் சொல்வதற்கு அவனிடம் வார்த்தை இருந்தது. ஒரு முறை தலையைத் திருப்பி, "ராத்தா, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பமா?" என்றான். "என்னத்துக்குப் பொறுக்கிற?" என்ற பதில் காதுக்குள் விழுந்தது. 

துசாந்தின் வீட்டு முன்னறைதான் அவனுடைய ஸ்டூடியோ. அவன் தாய் தங்கரத்தினம் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஸகியாவின் மூத்த மகளுக்குக் கணக்குப் படிப்பித்தவர். பைக் சத்தம் கேட்டுச் சிரித்த முகத்தோடு வெளியே வந்தார்.

"அட, ஸகியாவா? வா பிள்ள, உள்ளுக்கு வா."

"உங்கட மகன் எங்க டீச்சர்?"

துசாந் கெமராவைத் துடைத்துக்கொண்டிருந்த துணியோடு வெளியே வந்தான். ஸகியா கடப்படியைத் தாண்டி உள்ளே போகவில்லை. ரோட்டில் நின்றபடியே தொடங்கினாள்.

"என்ட பேர ஆருக்கு வித்த?"

"என்னக்கா சொல்றீங்க?"

"நடிக்காத. பேஜ் இல்ல, வெப்சைட் இல்ல. பாஸ்வேர்ட் உனக்கிட்டத்தான் இருந்த. கோவம் எண்டா என்னோட சண்ட புடிச்சிருக்கலாம். என்ட பிள்ளைகள்ற வயித்துல அடிக்கிறதா? இந்தப் பேருக்காக எத்தின வருஷம் நெருப்புக்கு முன்னால நிண்டிரிக்கன் தெரியுமா?"

பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் தலைகள் தெரிந்தன. எதிர்க் கடையில் நின்ற அயலவர் பாக்கியராசா, கையில் வாங்கிய பாணோடு ரோட்டைக் கடந்து வந்தார். துசாந் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கடப்படிவரை வந்தான். "நான் உங்கட பேஜத் திறந்தே எவ்வளவு நாள் அக்கா. சத்தியமா எனக்கு ஒண்டும் தெரியாது" என்றான்.

தங்கரத்தினம் உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணியோடு வந்தார். "ஸகியா, முதல்ல இத குடி. இருந்து கதைப்பம். என்ர பிள்ள அப்பிடிச் செய்ய மாட்டான்."

"உங்கட வீட்டுத் தண்ணி எனக்கு வேணாம்!"

ஸகியா கோபத்தில் சொன்னாள். கோபத்தில் வந்த வார்த்தை எந்த வீட்டுக்கு முன்னால் நின்று வருகிறது என்று அவள் அந்த நேரம் நினைக்கவில்லை.  நீட்டிய செம்பைத் தங்கரத்தினம் மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பாக்கியராசா, "ஓ, இப்ப எங்கட தண்ணியும் ஆகாது போல" என்று வேலிப் பக்கம் பார்த்துச் சொன்னார். இரண்டு பேருக்கு இடையில் இருந்த கதை ஒரு நொடியில் தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று இரண்டு ஊர்க் கதையாகிவிட்டது. இந்தக் கரையில் அதற்கு அதிக நேரம் எடுக்காது.

முஸ்தாக் பைக்கைப் பிடித்தபடி நின்றான். 

துசாந் அவனிடம் வந்தான். தன் போனைத் திறந்து நீட்டினான்.  "முஸ்தாக் நானா, உங்களுக்கு இதெல்லாம் விளங்கும்தானே. நீங்களே பாருங்க. எல்லாத்தையும் பாருங்க. பார்த்து நீங்களே அக்காவுக்குச் சொல்லுங்க."

முஸ்தாக் அந்தப் போனை வாங்கினான். ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டே, குற்றம் செய்யாத ஒருவனின் போனுக்குள் விரலை ஓட்டினான். தாயின் படம், யாரோ ஒரு பெண்ணின் குறுஞ்செய்தி, கோயில் திருவிழாவின் வீடியோ. எல்லோரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நீதவானைப் பார்ப்பது போலத் துசாந் அவனைப் பார்த்தான்.

"இதுல ஒண்டும் இல்ல," என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"இதுல இல்லாட்டி வேற எங்கயாவது இரிக்கும். பொலிசுல சொன்னா வெளியே வரும்," என்று சொல்லி ஸகியா பைக்கில் ஏறினாள்.

மாளிகைக்காட்டில் பூட்டிக் கிடந்த ஒரு கடைக்கு முன்னால் முஸ்தாக் பைக்கை நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான். ராத்தா இறங்கி, "பெற்றோல் முடிஞ்சா?" என்று கேட்டாள்.

"அவன் இல்ல ராத்தா. நான்தான்."

"என்ன நீ?"

"நான்தான் குடுத்தன். ஸஹீதுக்கு. டொமைனையும், அங்க பதிஞ்ச பேரையும். அவன்தான் உங்கட பேஜுக்கு எதிரா முறைப்பாடு போட்டுத் தூக்கியிருக்கான். பேர் இப்ப அவன்ட கம்பனிக்குச் சொந்தம் எண்டு காட்டியிருப்பான்."

ஸகியாவுக்கு முதலில் விளங்கவில்லை. சின்னப் பிள்ளையிடம் கேட்பது போலக் கேட்டாள். "என்ட பேர நீ எப்படி அவனுக்குக் குடுக்கிற? வாப்பா எனக்கு வெச்ச பேர்."

"பதியக்குள்ள என்ட பேர்லதான் பதிஞ்சன். சட்டப்படி அது எனக்குத்தான்... உங்கட பொருளப் பாதுகாக்கிறாப்போல, அமானிதமாத்தான் ராத்தா வெச்சிருந்தன்."

"அமானிதத்த விக்கிறயா நீ?"

 அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பான். அவள் முக்காட்டை இழுத்துத் தலையில் சரியாகப் போட்டாள். ரோட்டால் போன ஒரு லொறி இரண்டு பேர் மேலும் புழுதியை வாரி இறைத்துப் போயிற்று. அது போய்ச் சத்தம் அடங்கியதும்தான் கதைத்தாள்.

"அந்தப் பொடியன்ட போன நீ கையில வாங்கிப் பாத்தாயே."

முஸ்தாக் தலையைக் குனிந்துகொண்டான்.

"அவன்ட உம்மா தண்ணி தந்தா. நான் என்ன சொன்னன் பாத்தாய்தானே? பக்கத்துலதானே நிண்டாய்? எல்லாம் தெரிஞ்சிக்கிட்டு நிண்டாய்." அவள் திரும்பப் பைக்கில் ஏறிக்கொண்டாள்.  "வண்டியத் திருப்பு."

"ராத்தா, நான் போன்ல சொல்லிர்றன். இல்லாட்டி நாளைக்கு..."

"திருப்புடா."

திரும்பிப் போனபோது சனம் குறையவில்லை, கூடியிருந்தது. பாக்கியராசா அதே இடத்தில் நின்று இன்னும் சிலருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பைக்கைக் கண்டதும் இரண்டு மூன்று பேர் முன்னால் வந்தார்கள். ஸகியா யாரையும் பார்க்காமல் இறங்கி, இந்த முறை கடப்பைத் தாண்டி முற்றத்துக்குப் போனாள்.

"சொல்லு," என்றாள் தம்பியிடம்.

முஸ்தாக் துசாந்தைப் பார்த்துத் தணிந்த குரலில் சொல்லத் தொடங்கினான்.  "எல்லாருக்கும் கேக்கட்டும்," என்றாள் ஸகியா. அவன் சத்தமாகச் சொன்னான். துசாந் ஒன்றும் செய்யவில்லை, செய்தது தான்தான், இங்கே நின்றபோதும் அது தனக்குத் தெரியும். சொல்லி முடிக்கக் கொஞ்ச வார்த்தைதான் தேவைப்பட்டது. ஆனால் அதைச் சொல்லும்போது வேலிக்கு மேலால் தெரிந்த ஒவ்வொரு முகமும் தனித்தனியாக அவன் மனதில் பதிந்தது.

 துசாந் உள்ளே போய் ஸ்டூடியோக் கதவைச் சாத்திக்கொண்டான்.

ஸகியா தங்கரத்தினத்துக்கு முன்னால் போய் நின்றாள். "டீச்சர், நான் பேசின பேச்சுக்கு என்ன மன்னிச்சிருங்க. அந்தத் தண்ணிய இப்ப தருவீங்களா?"

 அந்த வார்த்தை தங்கரத்தினத்தையும் ஆழமாகக் குத்தியிருந்தது. கொஞ்சம் பொறுத்துத்தான் உள்ளே போனார். கொண்டு வந்த தண்ணியை ஸகியா முழுவதும் குடித்தாள். முஸ்தாக்குக்கு யாரும் தண்ணி கொடுக்கவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

அன்று வீட்டில் ஸம்றா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்விதான் கேட்டாள். "என்ட வீட்டுக் கதிரையில இருந்துகிட்டா இதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க?" இந்தக் கரையில் வீடு பெண்ணுக்குச் சொந்தம், மாப்பிள்ளை வந்து இருக்கிறவன். அவள் அதை இதுவரை ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை.

ஸஹீத் ஒருவழியாகக் கோலை எடுத்தான். அவனிடம் கோபமே இருக்கவில்லை. "நீ குடுத்த, நான் எடுத்த. சொந்தக்காரன் நீதான் எண்டு நீதானே அங்க பதிஞ்சாய்? அப்ப அதுவும் பொய்யா? நீ பொய் சொன்னதுக்கு நான் என்ன செய்ற?" என்றான். 

கல்முனையில் தக்சாயினி என்ற சட்டத்தரணியிடம் போனார்கள். ஸகியாவும் அவள் மகளும் முன்னால் இருந்தார்கள். முஸ்தாக் கதவோரம் நின்றான். தக்சாயினி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"பேரைப் பதியிறது நாட்டுக்கு நாடு வேற அக்கா. அங்க பதிஞ்சது அங்க மட்டும்தான் செல்லும். இலங்கையில உங்கட பேரை இன்னும் ஒருத்தரும் பதியல்ல. அதை முதல்ல உங்கட பேர்ல போடுவம். டொமைன் வேற கதை. அது ஆர் பேர்ல இருந்ததோ அவரே மனம் விரும்பிக் கைமாத்தியிருக்கார். அதைத் திருப்பி எடுக்கிறது பெரும்பாடு."

"அங்கத்தப் பேர்?" என்று ஸகியா கேட்டாள்.

"அதுக்கு ஒரு வழி இருக்கு. அது பதியிறதுக்கு முதலே நீங்க அங்க அந்தப் பேர்ல வித்திருக்கீங்க. பதிஞ்சவர் உண்மையான சொந்தக்காரர் இல்ல, அது தெரிஞ்சுகொண்டே தன்ர பேர்ல போட்டார் எண்டு காட்டினா, அந்தப் பதிவை ரத்துச் செய்யச் சொல்லிக் கேக்கலாம். லண்டன்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு சட்டத்தரணி இருக்கிறா. ஆனா..." தக்சாயினி கதவுப் பக்கம் பார்த்தார். "அதைச் சொல்லக்கூடியவர் ஒரு ஆள்தான். எழுத்தில, உறுதியுரை செய்து சொல்லணும். மழுப்பி எழுதினா வேலைக்கு ஆகாது."

ஸகியா திரும்பிப் பார்க்கவில்லை. அவனிடம் கேட்கவும் இல்லை. அவனாகச் சொல்லட்டும் என்று இருந்தாளோ என்னவோ.

"எழுதுங்க மிஸ்," என்றான் முஸ்தாக்.

உறுதியுரைக்கு முத்திரை குத்த வேண்டிய சமாதான நீதவான் அப்துல் ஸமட், பள்ளிக்கூடத்தின் முன்னாள் அதிபர். முஸ்தாக் அவரிடம் படித்தவன். தமிழில் எழுதியிருந்ததை அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார். அந்தப் பேர் எனக்குச் சொந்தமில்லை என்பது எனக்குத் தெரியும். என் சகோதரியிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் பேரில்தான் போட வேண்டிவரும் என்பதால் கேட்கவில்லை. அந்த வரியில் அவர் நின்றார். கண்ணாடிக்கு மேலால் அவனைப் பார்த்தார்.

"இது நீங்களே சொன்னதா?"

"ஓம் சேர்."

 அவர் முத்திரையைக் குத்தினார். மற்ற நாட்களில் வீட்டுக்கு வருகிற பழைய மாணவர்களைத் தேத்தண்ணி குடிக்காமல் அனுப்ப மாட்டார். அன்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

வழக்கு இழுபட்டது. ஸஹீத் முதலில் எதிர்த்தான். பிறகு, முஸ்தாக்கின் வாக்குமூலத்தைக் கண்டபின் எதிர்ப்பின் உறுதி குறைந்தது. அடுத்த நோன்பும் கழிந்துதான் முடிவு வந்தது. அந்தப் பதிவு ரத்தானது. ஸஹீத் தன் போத்தலுக்கு வேறு பேர் வைத்தான். ஆனால் பழைய டொமைன் அவனிடமே தங்கிவிட்டது. ஸகியாவைத் தேடி அதைத் தட்டுகிறவர்கள் இன்றைக்கும் அவனுடைய கடைக்குத்தான் போய்ச் சேர்கிறார்கள். இடையில் அவனுடைய சம்பலைத் தின்றுவிட்டு, ஸகியாவின் கைப்பக்குவம் போய்விட்டது என்று முடிவுகட்டிய வாடிக்கையாளர் பலர் திரும்பி வரவே இல்லை.

தீர்ப்பு இணையத்தில் எவரும் பார்க்கக்கூடியது. லண்டனில் இருந்த யாரோ அதைக் கண்டு ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். முஸ்தாக் சொன்ன வரிகள் தமிழில் ஒரு சுற்று, ஆங்கிலத்தில் ஒரு சுற்று என்று போயின. ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வரும்போது சிலர் அவனிடம் வழமையை விட மரியாதையாகக் கதைத்தார்கள். அதுதான் அவனுக்கு மிகவும் சுட்டது. அவன் வேலை செய்யும் கொம்பியூட்டர் கடையில் தங்கள் போனைத் திருத்தக் கொடுக்கிறவர்கள், பாஸ்வேர்ட் சொல்லுமுன் ஒரு கணம் யோசித்தார்கள்.

ஸகியா புதிய வெப்சைட் தொடங்கினாள். 'டொட் எல்கே' என்று முடிவது. தன் அடையாள அட்டை இலக்கத்தைத் தானே ஒவ்வொன்றாகத் தட்டிப் பதிந்தாள். அதைக் கவனிக்கிற வேலையை மகளைக்கொண்டு ஸம்றாவுக்குப் பழக்கினாள். படங்களைத் துசாந்தான் பிடித்தான். அவனிடம் கேட்கத் தங்கரத்தினத்தின் வீட்டுக்கு ஸகியா பலமுறை போக வேண்டியிருந்தது. கடைசியில் சம்மதித்தான். முஸ்தாக் பெட்டி ஏற்றி இறக்க வரும் நாட்களில் துசாந் கெமராவில் இருந்து கண்ணை எடுக்க மாட்டான். முஸ்தாக் ஸலாம் சொல்வது போலக் கையை உயர்த்துவான். துசாந் "ம்" என்பான். அதற்கு மேல் எதிர்பார்க்கத் தனக்கு உரிமை இல்லை என்று முஸ்தாக்குக்குத் தெரியும்.

பெருநாள் அன்று பகல் எல்லோரும் ஸகியாவின் வீட்டில் கூடினார்கள். சாப்பாடு முடிந்து ராத்தாவும் தம்பியும் முன்னறையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். மூத்த மகளின் கலியாணக் கதை. ஸகியா நன்றாகச் சிரித்துக் கதைத்தாள். அவனுடைய சேர்ட்டில் ஒட்டியிருந்த ஒரு சோற்றுப் பருக்கையைத் தட்டிவிட்டாள். அந்த நேரம் அவளுடைய போனில் செய்தி வந்த சத்தம் கேட்டது, ஏதோ ஓடர். அவள் போனை எடுத்துப் பாஸ்வேர்டைத் தட்டத் தொடங்கினாள். தட்டும்போதே, தன்னை அறியாமல், மற்றக் கையை எடுத்துத் திரைக்கு மேல் மறைப்பாக வைத்துக்கொண்டாள்.

முஸ்தாக் அதைக் கண்டான். முகத்தைத் திருப்பி, யன்னலுக்கு வெளியே முற்றத்தில் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்தான். அவன் பார்த்ததை ஸகியாவும் கண்டுவிட்டாள். கை கொஞ்சம் தடுமாறியது. ஆனால் எடுக்கவில்லை. தட்டி முடித்துப் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"வட்டிலப்பம் இன்னும் தின்னல்லதானே நீ?" என்றாள்.

"இல்ல ராத்தா."

"இரி. கொண்டு வாறன்."

அவள் போனையும் எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். முஸ்தாக் இருந்த இடத்தில் இருந்தான்.